வலப்பக்கம் பார்த்தவர்

புக்கிட் காத்திலில் ஒரு வீட்டுக்கு உடற்பயிற்சி சைக்கிள் பழுதுபார்க்கப் போனேன். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன பழைய லோரி டிரைவர். சைக்கிளில் ஏறியதும் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டியரிங்கைக் கும்பிட்ட பழக்கம் போலிருக்கிறது. மிதிக்கும்போது அடிக்கடி வலப்பக்கம் திரும்பினார், கண்ணாடி பார்ப்பதுபோல.

“இந்த சைக்கிள் திரையில மக என் பக்கத்துல ஓட்டிக்கிட்டு வரும் தம்பி. அப்டேட் பண்ணதுலேர்ந்து காணோம்.”

சைக்கிளில் பழுதே இல்லை. என் பையிலிருந்த எந்த ஸ்பேனருக்கும் அங்கே வேலையில்லை.

“வெளி ஆப் எதுவும் இதுல ஓடாம கம்பெனிக்காரன் பூட்டிட்டான் அங்கிள். மகள கம்பெனி ஆப்ல சேரச் சொல்லுங்க, பழையபடி ஓட்டலாம்லா.”

“மக செத்துப் போச்சு தம்பி. முன்ன அது இதுல ஓட்டுனத அந்த வெளி ஆப் எடுத்து வச்சிருந்துச்சு. அதுகூடத்தான் டெய்லி ஓட்டுவேன்.”

பையை மூடிக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது மறுபடி பெடல் சத்தம் கேட்டது. திரும்பினேன். இருண்ட திரைக்கு முன்னால், வலப்பக்கம் பார்த்தபடி அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார், பின்னால் வருகிறவள் வந்து சேரட்டும் என்பதுபோல.