என் வீட்டுக் கேள்வித்தாள்

கிராமச் சமூகவியலில் என் இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி: தோட்டத்தில் வாழும் நம் பெற்றோர் தலைமுறை அங்கிருந்து வெளியேற விரும்புகிறதா? பதில் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்தேன். கிள்ளான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளருக்குத் தோட்டமே கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் நான். வகுப்பில் மற்றவர்கள் முன்பின் தெரியாத கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்குப் போய், யாராவது பேசமாட்டார்களா என்று கடை வாசலில் காத்துக்கிடந்தார்கள். எனக்கு பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் போதும்.

முறைப்படி தோட்டத்து ஆபீசில் அனுமதி கேட்டேன். ஆபீஸை நடத்தும் தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கு ஒரே பெருமை. "நம்ம தோட்டத்துப் பிள்ளை, யுனிவர்சிட்டில படிக்குது லா" என்று ஆபீஸ் ஜன்னலை ஒட்டி மேசை நாற்காலி போட்டுக் கொடுத்தார். ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்களை அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பினார். நான்கு நாளில் வேலை முடிந்தது. ஒருவர்கூடத் தோட்டத்தை விட்டுப் போவதாகச் சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்துக்கு 'மண்ணோடு ஒட்டிய வாழ்க்கை' என்று தலைப்பு வைத்தேன்.

எங்கள் வீடு மட்டும் விட்டுப்போயிருந்தது. அந்தத் தாளை நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறையில் உட்கார்ந்து நானே பத்து நிமிடத்தில் நிரப்பினேன். என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? படிப்பு: இல்லை. வெளியேறும் எண்ணம்: இல்லை. வயதான காலத்தில் யாருடன்: மகனுடன்.

என் ஆய்வை மேற்பார்வையிட்ட விரிவுரையாளர் கெடா மாநிலத்தில் நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர். மலாயில் மெதுவாகப் பேசுவார். கட்டு முழுவதையும் புரட்டிவிட்டு ஒரு தாளை மட்டும் உருவினார்.

"மற்ற எல்லோரும் எங்காவது ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீயும் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாய். இந்தம்மாவுக்கு மட்டும் எல்லாமே தெரிந்திருக்கிறது. யார் இவர்?"

"என் அம்மா."

"நீ கேட்டாயா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆய்வை ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. கேட்டுக்கொண்டு வந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து குளித்துவிட்டு அம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்ட, எதுத்த வீட்டு அத்தைகிட்ட கேட்ட. 'உன் மவன் உன்கிட்ட என்னா கேட்டான்'னு அவங்க கேக்குறாங்க, நான் முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். இப்பதான் என் நெனப்பு வந்துச்சா, சார்?"

"சாரெல்லாம் வேணாம்மா."

"மத்தவங்களுக்கு வணக்கம் சொல்லித்தானே ஆரம்பிச்ச? எனக்கும் சொல்லு."

சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, புகைப்படத்துக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தார்.

"படிப்பு?"

"மூணாங்கிளாஸ்."

என் பேனா நின்றது. "நீ பள்ளிக்கூடமே போனதில்லன்னுல்ல நெனச்சேன்?"

"யாரு சொன்னா? ஒன் மாமன் பொறந்தான், அவனப் பாத்துக்க ஆளில்லன்னு நிப்பாட்டிட்டாங்க. எழுது சார்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை மிதித்த முதல் ஆள் நான் என்று முன்னுரையில் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்தது வெளியேறும் எண்ணம். அம்மா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போறேன். போன மாசமே நாங்க நாலு பேரு கிள்ளானுக்குப் போயி மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்ப பாரம் எழுதிக் குடுத்துட்டோம். தோட்டத்த விக்கப் போறாங்கன்னு பேச்சு. தொரத்துற வரைக்குமா ஒக்காந்திருக்கிறது?"

"எந்த நாலு பேரு?"

அக்கா, அத்தை, கடைசி வீட்டு அம்மாயி. மூவரும் என் மேசைக்கு முன்னால் நின்று "போகல" என்றவர்கள்.

"என்கிட்ட அப்படிச் சொல்லலையே!"

"கிராணி ஜன்னலுக்குப் பக்கத்துல ஒக்காந்துகிட்டு கேட்டா எவ சொல்லுவா? அவரு காதுல விழுந்தா, அப்ப நாளைக்கே லயத்த காலி பண்ணும்பாரு. இதுகூட தெரியாமத்தான் பெரிய படிப்பு படிக்கிறியா?"

அம்மாவின் தாளை மட்டும் திருத்திக் கொடுத்தால் போதும், கையெழுத்து கிடைத்துவிடும். மூன்றாம் அத்தியாயமும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த அத்தியாயம் பொய் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிக் கேள்வியைக் கேட்டேன். வயதான காலத்தில் யாருடன்?

"தெரியாது" என்றார் அம்மா. "அத நீதான் சொல்லணும். அப்படியே எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் மேசை இல்லை, நாற்காலி இல்லை. காலையில் அவர்களோடு ரப்பர் மர நிரைக்குள் நடந்தேன். பாரம் என்ன ஆனது என்று விசாரிக்க நால்வரும் கிள்ளானுக்கு பஸ் ஏறியபோது பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். யார் வீடு என்று எங்கும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு மேல் பதிலை மாற்றினார்கள். சிலர் உண்மையாகவே போக விரும்பவில்லை. அவர்களும் காரணத்தை இப்போதுதான் சொன்னார்கள். பழைய தலைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரே கேள்விக்கு ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் வந்த பதிலையும் பஸ்ஸில் வந்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். நான் எழுதியதிலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

விரிவுரையாளர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அம்மாவின் தாளை எடுத்தார்.

"இப்போது இவருக்கும் ஒன்று தெரியாமல் போய்விட்டதே."

"அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்."

"அது இந்த ஆய்வில் சேராது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.