வெர்னாவின் நீள மூக்கு

யாராவது ஒரு கத்தியை நீட்டினால் வெர்னா டாக்கெட் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பிடியை உள்ளங்கையில் வாங்கி மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்புவார். அலகைப் பார்ப்பதெல்லாம் பிறகுதான். "இது கையில உருளுதுப்பா. பாக்காமப் பிடிச்சா கூர் எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இருபது வருடம் கத்தி அடித்தவனுக்கும் முகம் தொங்கிப்போகும்.

வயது அறுபத்தொன்று. காலையும் மாலையும் ஆர்கன்சாவின் செம்மண் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இடைப்பட்ட நேரத்தில் கொல்லையில் உலை மூட்டி பூயி என்ற பெரிய வேட்டைக் கத்தி அடிக்கிறார். ஏறக்குறைய ஒரு முழம் நீளம். முனைக்கு முன்னால், கூரில்லாத முதுகுப்பக்கம் உள்வாங்கி வளைந்து இறங்கும். அந்த வளைவைத்தான் நாங்கள் மூக்கு என்போம். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அவர் சுத்தியல் ஓய்ந்தால் மணி இரண்டரை.

விருப்பு வெறுப்பில் கறார். பிடி சவப்பெட்டி வடிவத்தில் இருக்க வேண்டும்: இடுப்பு ஒடுங்கி, அடி அகன்று. "பிணத்துக்கு அடுத்தபடியா அந்தப் பெட்டி பொருந்துறது நம்ம கைக்குத்தான்." மான் கொம்புப் பிடி? "அழகுதான். ஆனா எந்த மானும் என் கையை அளந்து கொம்பு வளக்கல." முதுகில் பித்தளைப் பட்டை பதித்ததைக் கண்டால் உதட்டைச் சுழிப்பார்: "கத்திக்கு எதுக்கு நகை?" பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைக் காக்கும் கைக்காப்பு மட்டும் பாம்புபோல் நெளிய வேண்டும், ஒரு நுனி விரலைப் பார்க்க, மறு நுனி எதிராளியைப் பார்க்க.

எல்லாவற்றுக்கும் மேல் மூக்கு. மற்றவர்கள் மூன்று அங்குலத்தில் முடிப்பதை அவர் அலகில் பாதிவரை இழுப்பார். அதனால்தான் கத்திக் கொல்லர் சங்கத்தின் பட்டத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். கத்தியை முறியாமல் தொண்ணூறு பாகைக்கு வளைக்க வேண்டும். இரண்டு தடவையும் மூக்கிலேயே முறிந்தது. மூன்றாவதும் போனால் ஐந்து வருடம் வாசல் மிதிக்க முடியாது.

"மூக்கு நீண்டா முறியத்தான் செய்யும், தங்கச்சி" என்று சிரித்தார் நடுவர் டப் ஹாஸ்க்யூ. "நான் கத்தியைச் சொன்னேன்."

"என் மூக்கு அறுபத்தொரு வருஷமா முறியலண்ணே. நானும் கத்தியைத்தான் சொல்றேன்."

குறைத்துவிடு என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். ஒரு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. மூக்கில் ஒரு நூலளவும் குறைக்காமல், கூர்ப்பக்கத்தைத் தண்ணீரில் நிறுத்திவைத்து, முதுகை மட்டும் ஊதுகுழல் நெருப்பில் மூன்று முறை காட்டி நெகிழவைத்தார். கூர் கடினம், முதுகு இளக்கம்.

போன அக்டோபரில் தேர்வு. தொங்கவிட்ட மணிலாக் கயிறு ஒரே வீச்சில் துண்டாகி விழுந்தது. பிறகு பைன் கட்டை. இரண்டு இடத்தில் வெட்டித் துண்டாக்கினார். அதே கூரை டப் தன் முன்கையில் வைத்து இழுத்தார். நரைமயிர் உதிர்ந்து, தோல் பளபளவென்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

மூக்கை மேசையில் பொருத்திய இடுக்கியில் இறுக்கி, பிடியில் இரும்புக் குழாயை மாட்டி, வெர்னா சாய்ந்தார். முப்பது பாகை. அறுபது. போன முறை முறிந்த இடம். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். எஃகு முனகியது, வளைந்தது, முறியவில்லை. டப் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூறு" என்றார். "தேறிட்டே தங்கச்சி. போதும், விடு."

கைதட்டல் கொட்டகையை அதிரவைத்தது. வெர்னா டப்பை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காலை அகட்டி ஊன்றி, குழாயை இன்னும் ஒரு சாண் கீழே அழுத்தினார்.