எந்தப் பிரஸ்?

கரும்பு ஜூஸ் என்று படித்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

போன ஐப்பசி. நான்கு பக்கமும் அடைமழை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒதுங்கி, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தேன். எங்கள் தாலுகா நிருபர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில், யாருடையது என்றே தெரியாத ஒரு எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. 'வல்லக்கோட்டை அருகே கரும்பு ஜூஸ் மெஷினில் சிக்கி வாலிபரின் விரல்கள் துண்டிப்பு.' ஊர், வயது, ஆஸ்பத்திரி பெயர், 'சிகிச்சை பெற்று வருகிறார்' வரைக்கும் எல்லாம் கச்சிதம். ஒரு கமா சேர்க்காமல் அப்படியே அனுப்பிவிடலாம். அதுதான் எனக்கு உறுத்தியது. எங்கள் பக்கத்தில் நிஜமான செய்தி இவ்வளவு குளித்து முழுகி வராது.

நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேர நிருபர். சந்தேகம் எனக்குத் தொழிலால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று தெரியாது. யாராவது 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால்கூட, எதற்காகக் கேட்கிறான் என்று யோசிப்பேன். "உன்கிட்ட குட் மார்னிங் சொல்லவே பயமா கீது" என்பார் என் வீட்டுக்காரர்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். கொட்டுகிற மழையில் கரும்பு ஜூஸ் கேட்கிற மகராசன் யார்? சித்திரை வெயிலில் வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் அந்த வண்டிகள் நிற்கும், நானே நின்று குடித்திருக்கிறேன். ஐப்பசியில் அதே வண்டிக்காரன் சுக்குக் காபி விற்றுக்கொண்டிருப்பான். காதில் பூ சுற்றுகிறவன் பருவம் பார்த்துச் சுற்றக் கூடாதா?

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த மருத்துவமனைக்குப் போனேன். நெடுஞ்சாலையோரம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. அடிபட்டவன் ஏசி அறையில் இருப்பதாக வரவேற்பில் சொன்னார்கள். ஜூஸ் வண்டிக்காரனுக்கு ஏசி அறையா? என் சந்தேகம் இன்னும் இரண்டு படி ஏறி உட்கார்ந்துகொண்டது.

அறைக்கு வெளியே ஒரு பெண் ஜெபமாலையை உருட்டியபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அவன் மனைவி, மண்ணூர்க்காரி. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள்.

"நான் பிரஸ்மா" என்றேன்.

"தெரியும் மேடம். சொன்ன மாதிரியேதான் சொல்லிக்கினு இருக்கேன். டாக்டர் கேட்டாரு, நர்ஸம்மா கேட்டாங்க. எல்லார்கிட்டயும் கரும்பு ஜூஸ் மெசின்னுதான் சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் அப்படிச் சொல்லச் சொன்னது?"

"காலைல வந்தாரே மேடம், பிரஸ்லருந்து ஒரு சாரு. அவருதான். செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், வாயத் தொறந்தா ஒண்ணும் கிடைக்காதுன்னாரு." என் முகம் மாறியதைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். "நான் எதனா தப்பா சொல்லிட்டேனா மேடம்?" என்றாள். அதற்குமேல் நான் என்ன கேட்டாலும் ஜெபமாலைதான் உருண்டது.

ஏசி அறைச் செலவை ஏற்று யாரோ வாயடைக்கிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தில் அது ஏதோ ஒரு கம்பெனிதான், விரல் போனதும் அங்கேதான். இதில் அந்தக் குடும்பத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வேலை நேரத்தில், தொழிற்சாலைக்குள் கை போனது என்று பதிவானால் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை வரும், கம்பெனியும் பதில் சொல்லியாக வேண்டும். எவனோ ஒருவனுடைய ஜூஸ் வண்டியில் கை போனது என்று பதிவானால் ஒன்றும் கிடையாது. கம்பெனி கை கழுவிவிடும், இவன் கழுவுவதற்குக் கைகூட மிச்சமிருக்காது. அந்தக் கதை நான்கு பேப்பரில் அச்சாகிவிட்டால் முடிந்தது விஷயம். நாளைக்குக் கம்பெனி வக்கீல் அதையே தூக்கிக் காட்டுவான்.

படி இறங்கும்போதே யாரென்று முடிவு கட்டிவிட்டேன். இந்தத் தாலுகாவில் 'பிரஸ்லருந்து ஒரு சாரு' என்று சொல்கிற அளவுக்குத் தோரணையாகத் திரிகிறவர் ஒருவர்தான். போட்டிப் பத்திரிகை நிருபர், எனக்கு மூத்தவர். எந்தக் கம்பெனி விழாவென்றாலும் முதல் வரிசையில் அவரைப் பார்க்கலாம். போதாக்குறைக்கு அந்தச் செய்தியில் 'வாலிபர்' என்று இருந்தது. எங்கள் பத்திரிகையில் 'இளைஞர்' என்றுதான் போடுவோம். அவர் பத்திரிகைக்குத் தாடி நரைத்தவன்கூட வாலிபர்தான்.

டீக்கடையில் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஏண்ணா, வயித்துக்குச் சோறுதான் சாப்பிடுறீங்களா? கை போனவன் பொண்டாட்டிக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுத்துட்டு வந்து பஜ்ஜி இறங்குதா?"

"இன்னாம்மா உளர்ற?" பஜ்ஜி அப்படியே நின்றது. "காலைலருந்து நான் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ்ல இருந்தேன். இப்பத்தான் பஸ்ஸ வுட்டு இறங்கறேன்."

"வாலிபர்னு நீங்கதானே எழுதுவீங்க?"

"எங்க பேப்பர் படிக்கிறவன் எவன் வேணா எழுதுவான்! வாலிபர்னா இன்னா, என் வூட்டுச் சொத்தா?" என்று எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது. "வா. அந்தப் பொண்ணு முன்னாடியே நிக்கிறேன். நான்தான்னு அவ சொல்லட்டும், அப்புறம் பேசு."

திருடனும் இப்படித்தான் துள்ளுவான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்தப் பெண்ணின் முன்னால் அவரை நிறுத்தினேன். "காலையில வந்த பிரஸ் சார் இவர்தானே?"

அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லியே மேடம். அவரு யூனிபார்ம்ல வந்தாரு, சேப்டி ஷூ போட்டுக்கினு. பிரஸ் ஷாப் இன்சார்ஜ் அவரு. எங்க வூட்டுக்காரரு லைனுக்கு அவருதான் மேல." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் பிரஸ்னுதானே சொன்னீங்க? புதுசா வந்துகீற மேடமா?" என்றாள்.

என் மண்டையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. தகட்டை அடித்து வளைக்கிற ராட்சத மெஷினுக்கு இந்தப் பக்கம் பிரஸ் என்றுதான் பெயர். அது இருக்கிற இடம் பிரஸ் ஷாப். ஒரகடம் சாலையில் நின்று 'பிரஸ்' என்று கத்தினால் திரும்புகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தப் பிரஸ்தான். அங்கே கழுத்தில் அடையாள அட்டை மாட்டாத ஆள் யார்? இவள் என்னைக் கம்பெனி ஆள் என்று நினைத்து, பாடம் ஒப்பித்துக் காட்டியிருக்கிறாள்.

"அடச்சீ" என்றார் போட்டி நிருபர். அவ்வளவுதான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் வரிசை நாற்காலி பற்றிய என் சந்தேகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கரும்பு ஜூஸ் செய்தியை எழுதியவன் எங்களில் ஒருவன்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிரஸ் ஷாப் இன்சார்ஜுக்கு 'சிகிச்சை பெற்று வருகிறார்' என்கிற பேப்பர் பாஷை எப்படித் தெரியும்?

"நாங்க பேப்பர்காரங்கம்மா. நியூஸ் போடுறவங்க" என்றேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, பேப்பரா? யேசுவே, எல்லாத்தையும் கொட்டிட்டேனே!"

உள்ளேயிருந்து அவன் குரல் கொடுத்தான். "அவங்கள உள்ள வரச் சொல்லு."

வலது கை முழங்கை வரை கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை. காண்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்க வேண்டிய மெஷினை, வேகத்துக்காக ஒரு பொத்தானில் இறங்கும்படி மாற்றி வைத்திருந்தார்களாம். மூன்று விரல்கள். அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். போட்டி நிருபர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "உங்க பேர் வந்தா வேற எந்தக் காண்ட்ராக்டரும் சேத்துக்க மாட்டான் தம்பி. யோசிச்சுக்கோங்க. பேர் இல்லாமலும் போடலாம்."

"மூணு வெரலு இல்லாதவன எவன் சேத்துக்கப் போறான்க்கா? என் பேரு போடுங்க. கம்பெனி பேரும் போடுங்க. ரெண்டும் சேந்து வந்தாத்தான் நான் அங்க வேல செஞ்சேன்னு ஆவும். இல்லாட்டி நான் எவனோ, அது எதோ."

"போடுறேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அன்றைக்கே அவன் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னான், அவரும் அதைப் பதிவு செய்துகொண்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும், அது முறை. ஹெச்.ஆர். அதிகாரி தேனொழுகப் பேசினார். அப்படி ஒருவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை, மேடம் ஒரு நாள் வாங்க, பிளான்ட் சுற்றிக் காட்டுகிறோம் என்றார். அவர் சொன்னதையும் சேர்த்துச் செய்தியை அனுப்பினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் டெஸ்க்கிலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். "மேடம், நியூஸ் நல்லா இருக்கு. கம்பெனி பேரை மட்டும் எடுத்துட்டு, தனியார் தொழிற்சாலைன்னு மாத்திட்டேன்."

"ஏன் சார்? ஹெச்.ஆர். பேசினதே இருக்கே!"

"எஃப்.ஐ.ஆர். இல்ல மேடம். அவங்க ஆளே இல்லங்கிறாங்க. நாளைக்குக் கேஸ் போட்டா நீங்களா கோர்ட்டுக்குப் போவீங்க? வழக்கமா போடுறதுதானே."

எஃப்.ஐ.ஆர். நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனி கொடுத்த முழுப்பக்க வாழ்த்து என் கண்முன்னே வந்து நின்றது. அதற்காகத்தானா, இதற்காகத்தானா? கேட்டால் சொல்வாரா? அவருக்கே தெரியுமோ என்னவோ.

"அப்ப அவன் பேரையும் எடுத்துடுங்க சார். ரெண்டும் சேந்து வந்தாத்தான்னு சொல்லிக் கொடுத்த பேரு அது. தனியா போட்டா அவனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அடடா, பேஜ் அச்சுக்குப் போயிடுச்சே மேடம்."

மறுநாள் காலை பேப்பரில் அவன் பெயர், வயது, மண்ணூர், தெருப் பெயர் எல்லாம் இருந்தன. கை போன இடம், 'ஒரகடம் அருகே உள்ள ஒரு தனியார் தொழிற்சாலை'. போட்டிப் பத்திரிகையிலும் அதே கதைதான், வாலிபர் என்ற வித்தியாசம் மட்டும். ஒரகடத்தில் தனியார் தொழிற்சாலை என்றால் எதைச் சொல்வது? ரோட்டுக்கு இந்தப் பக்கமும் தனியார், அந்தப் பக்கமும் தனியார்.

அவன் மனைவி அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போயிருக்கிறாள். செக்யூரிட்டி வாங்கி, முழுக்கப் படித்துவிட்டு, "இதுல எங்க கம்பெனின்னு எங்கம்மா போட்டுகீது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டிருந்த பணமும் அன்றோடு நின்றது. டாக்டர் பதிவு செய்தது இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் நடக்கிறார். அவன் அங்கே வேலையே செய்யவில்லை என்று கம்பெனி இன்னும் சாதிக்கிறது.

மண்ணூரில் அவன் வீட்டுக்கு நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கட்டுப் பிரித்திருந்தார்கள். பேப்பரை மடியில் வைத்து, மிச்சமிருந்த கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. நான் எஃப்.ஐ.ஆர். என்றேன், டெஸ்க் என்றேன், பேஜ் போய்விட்டது என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டாகத்தான் பட்டது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "வுடுக்கா" என்றான். "அந்தப் பிரஸ்ல என் வெரலு போச்சு. உங்க பிரஸ்ல கம்பெனி பேரு போச்சு."

வாசலில் என் வண்டி நின்றது. முன்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அதே மூன்றெழுத்து, சிவப்பில். வண்டியை எடுக்கிறவரை அவள் வாசலில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.