ஓட்டையில்லாத வீடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகள் எல்லாம் எங்கள் தெருமுனையில்தான் திரும்பும். காலையில் கழுவிவிட்ட வாசற்படியில் பத்து மணிக்கெல்லாம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. என் மனைவிக்கு இளைப்பு இருந்தது. அந்தப் புழுதி அவள் மூச்சுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வெறி.

கம்பெனியில் என் வேலையே கசிவை அடைப்பதுதான். காற்றுக் குழாய்களில் எங்காவது கசிந்தால் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். ஊதுவத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டே போவேன். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை.

அதே வித்தையை வீட்டிலும் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதுவத்தியோடு வீடு முழுக்கச் சுற்றினேன். ஜன்னல் இடுக்கு, கரண்ட் ஒயர் வரும் ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. வெண்டிலேட்டருக்குத் தெர்மோகோல் வெட்டி வைத்துச் சுற்றிலும் சிலிகான் பூசினேன். ஜன்னல்களைச் சாத்தி ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். கடைசியில் கூடத்தில் நின்று பார்த்தேன். புகை ஆடாமல் அசையாமல் நேராக மேலே போனது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே!

"அவன் ஊட்ல எறும்பு கூட பாஸ் காட்டிட்டுத்தான் உள்ள போவணும்டா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். எனக்கு அது மெடல் குத்திய மாதிரி இருந்தது.

அந்த மூடிய வீட்டுக்குள்தான் மிளகாய் தாளித்தோம், கொசுவத்தி ஏற்றினோம், வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி போட்டோம். ஈரத்துணியையும் புழுதிக்குப் பயந்து உள்ளேயே காயப்போட்டோம். பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. நான் அதன் மேல் பெயின்ட் அடித்தேன். அவளுக்கு இருமல் கூடியது. எங்கேயோ ஒரு ஓட்டையை விட்டுவிட்டோம் என்று மறுபடியும் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு தேடினேன். மடையன்! இளைப்புக்காரி முகத்துக்கு நேரே புகையைக் காட்டிக்கொண்டு ஓட்டை தேடியவனை வேறென்ன சொல்வது?

ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது கேட்டாள். "இன்னாங்க, சமையக்கட்டு ஜன்னல மட்டும் தொறந்துக்கட்டா? நெஞ்ச அடைக்கிற மாதிரி கீது."

"உனக்கோசரம்தான நாள் பூரா குந்திக்கினு அடைச்சேன்? தொறந்து வுட்டுட்டு அப்பறம் என்னாண்ட வந்து இருமாத!" என்று கத்தினேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மூச்சு வாங்குவது அதிகமானதும் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சமைக்கிற புகை எப்படி வெளியே போகும் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஊட்ல ஒரு ஓட்ட கெடையாது சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வெளித்தூசி வராம அடைச்சீங்க, சரி. உள்ள கிளம்புற புகை எங்க போகும்? அத்தனையும் இவங்கதானே இழுக்கிறாங்க? லாரி கம்மியா போற நேரமாப் பாத்து ஜன்னலத் திறங்க. சமையல்கட்டுல புகைய வெளிய தள்ற ஃபேன் போடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க ரோட்டப் பத்தி இவருக்கு இன்னா தெரியும்?" என்று பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டே வந்தாள். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஒரு மாதம் வீம்பு பிடித்துவிட்டுத்தான் டேப்பைக் கிழித்தேன். அதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள். வீட்டை அடைத்ததால்தான் இப்படி ஆனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு இட்லி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தப்பா நெனைக்காதண்ணே. நீ டூட்டிக்குப் போனதும் அக்கா தெனம் எங்க ஊட்டுக்கு வந்துடும். ஜன்னலாண்ட ஸ்டூலப் போட்டுக் குந்திக்கினு மூச்சு வாங்கும். நீ வர்ற நேரம் ஆச்சுன்னா அடிச்சிப் புடிச்சி எழுந்து ஓடும். அவராண்ட சொல்லிடாதடின்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சி."

"ஏம்மா? என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீ திட்டுவன்னுதான்."

அவள் போன பிறகு இட்லி அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், மூச்சு விடுவதற்கு எனக்குப் பயந்து அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்.