மாப்ளே என்று கூப்பிட்டேன்

எங்கள் தோட்டத்துப் பந்துக் கழகம் வென்றது ஒரே ஒரு கோப்பை. அதைப் பார்த்தால் எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் அதைப் பார்க்கவே பிடிக்காது. யாராவது அதை எடுத்துக்கொண்டு என் பழைய கூட்டாளியை ஒரு தரம் கண்ணில் காட்டினால் போதும்.

இலங்கையில், பதுளை மலையில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். சுற்றுவட்டாரத் தோட்டங்களும் பதுளைக் கடைக்காரர்களும் ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து மைதானத்தில் வெறுங்காலோடு மோதுவோம். எங்கள் அணியில் நானும் அவனும்தான் முன்னால். குடியிருந்த லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போதும் அடுத்தடுத்த நிரை. ஆட்டத்தில் நான் “மாப்ளே!” என்றால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை என் காலுக்கு அனுப்புவான். அப்படி ஒரு கிறுக்கன்.

ஒரு நாள் அவனை வேலைக்குக் கூட்டிவந்த கங்காணிக்கும் தோட்டத்தை நடத்தும் தொரைக்கும் முட்டிக்கொண்டது. கங்காணி போனால் அவர் ஆட்களும் கூடவே போக வேண்டும். அதுதான் அந்தக் காலத்து வழக்கம். வேறு தோட்டத்தில் சேரத் தொரையிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஹல்துமுல்லைப் பக்கம் கிளம்பியது. நான் வேறு கங்காணியின் ஆள். மூட்டையைத் தலையில் வைத்தபடி என் வாசலில் வந்து நின்றான்.

“அங்கயும் பந்து இருக்குமாடா?”

“பந்து இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன், போ!” என்று எரிந்து விழுந்தேன். அப்படியா வழியனுப்புவது? என் வாய்க்கு என்ன கேடு!

அவன் இல்லாத ஆட்டம் எனக்கு உப்பில்லாத சோறு. போய்ப் பார்க்கலாம் என்றால் ஒரு ஞாயிறு போதாது, அவ்வளவு தூரம்.

அடுத்த வருடம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு எதிரணி ஹல்துமுல்லைப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கியது. அதில் அவன்! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முடிகிற நேரம் வரை யாருக்கும் கோல் இல்லை. அவர்கள் கோலுக்கு முன்னால் அவன் காலில் பந்து. நான் அவனுக்குப் பின்னால். சத்தியமாக, ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

“மாப்ளே!”

திரும்பிப் பார்க்காமல் பந்தை அனுப்பினான். என் காலும் சும்மா இருக்கவில்லை. கோல்!

முதலில் சிரித்தவன் அவன்தான். கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். பாதி வழியில்தான் தன் பக்கம் எதுவென்று ஞாபகம் வந்து நின்றான். அவனுடைய ஆட்கள் பாய்ந்து வந்து ஏசினார்கள், ஒருவன் அறைந்தேவிட்டான். என்னை எங்கள் ஆட்கள் தோளில் தூக்கினார்கள். “எறக்குங்கடா!” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? இறங்கியபோது லாரி போய்விட்டிருந்தது.

மறுவருடம் அந்த அணி வந்தது, அவன் வரவில்லை. விசாரித்தேன்.

“அவனா? அன்னிக்கே பந்துல இருந்து ஒதுக்கி வச்சிட்டோம்” என்றார்கள்.

அங்கே பந்து இருக்கும் என்று அவனுக்குச் சொன்னவன் நான்.