மாப்பிள்ளை கொடுத்த கட்ச்

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன்னுடைய தோட்டத்தில் உட்காரும் மர வாங்குக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க வந்த நான், மணம் மூக்கில் ஏறியதும் பெட்ஷீட்டைக் கையில் பிடித்தபடியே வேலியோரம் நின்றுவிட்டேன். லின்சீட் எண்ணெய். நான் முறைப்பதாக நினைத்து அவர் மணத்துக்காக மன்னிப்புக் கேட்டார். இல்லை, நல்ல மணம் என்றேன். அதற்குமேல் அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உங்களுக்கென்றால் சொல்லலாம்.

அது எங்கள் ஊர்ச் சங்கக் கிரிக்கெட் அணியின் மணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு பூங்காவின் ஓரமாக வந்து நிற்கும் சங்கச் செயலாளரின் கார் டிக்கியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது இந்த மணம்தான். பிறகுதான் மட்டைகள், காலுக்குக் கட்டும் பாட், ஒரு பெரிய தகர ரின் நிறைய மட்டன் ரோல்ஸ். மட்டைக்கு எண்ணெய் பூசிப் பராமரிப்பதில் எங்கள் பெடியன்களை மிஞ்ச ஆளில்லை. அதில் பந்து படுவதுதான் குறைவு.

நாங்கள் தோற்காத ஞாயிற்றுக்கிழமை என்றால் அது மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை. மோர்டன் பக்கத்து அணியிடம் தோற்றோம். ஹவுன்ஸ்லோவிலிருந்து ஆள் போதாமல் வந்து, எங்களிடமே இரண்டு பேரைக் கடன் வாங்கி விளையாடிய ஓர் அணியிடமும் தோற்றோம். அந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பார்த்து நன்றாக விளையாடிவிட்டார்கள். அது ஏன் என்பது நீண்ட காலம் விசாரிக்கப்பட்டது.

விசாரணை அதிகாரி தேவண்ணை. ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். லண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்குக் கதிரையும் பிளாஸ்க்கில் தேநீருமாக எல்லைக்கோட்டுக்கு வெளியே வந்து உட்காருவார். நாங்கள் ஐந்தாறு பேர் அவரைச் சுற்றிப் புல்லில் இருப்போம். தேவண்ணையின் அகராதியில் ‘தோற்றோம்’ என்ற சொல் கிடையாது. ‘தோற்க வைத்தார்கள்’ என்றுதான் இருந்தது. செயலாளர் தன் மச்சானை ஏன் முதலாவதாக இறக்குகிறார்? வேகப்பந்து போடுகிற பெடியன் இடைவேளையில் எதிரணியின் பாயில் இருந்து ஏன் புரியாணி சாப்பிட்டான்? ஓட்டம் எழுதுகிறவருடைய மனைவி எந்த ஊர்? இப்படி ஒவ்வொரு தோல்விக்கும் உள்ளே ஒரு கதை இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை மைதானத்தின் சரிவையே சந்தேகப்பட்டு, போத்தல் தண்ணீரைக் கவிழ்த்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருக்கிறேன். அது என் சப்பாத்துக்குள் ஓடியது.

செயலாளர் ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து, “அண்ணை, உங்களுக்கு ஏலுமெண்டால் நீங்கள் இறங்கி விளையாடுங்கோ” என்றார்.

“குழம்பிலை உப்பில்லை எண்டு சொல்லுறதுக்கு நான் போய்ச் சமைக்கவேணுமே?” என்று தேவண்ணை கேட்டார். நாங்கள் கைதட்டினோம். அந்த ஆண்டில் நாங்கள் கைதட்டிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

நாங்கள் ஏன் அப்படி இருந்தோம் என்று இப்போது யோசிக்கிறேன். ஊரில் சந்தேகம்தான் எங்களை உயிரோடு வைத்திருந்தது. யார் எந்த இயக்கம், யார் யாருக்குச் சொல்கிறான், முகமூடி போட்டு இராணுவத்துக்கு ஆள்காட்டித் தலையாட்டுகிறவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கணக்குப் போடத் தெரியாதவன் அங்கே தப்பவில்லை. லண்டனுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. புதிதாக ஒருவன் வந்து ஊரைக் கேட்டால், நாங்கள் முதலில் சொல்லமாட்டோம். ஆனால் வாரம் முழுவதும் அடக்கி வைத்த சந்தேகத்தை மைதானத்தில் வாய் விட்டுச் சொல்லலாம். அதனால் ஒருவருக்கும் எதுவும் நடக்காது என்று நம்பினோம். அந்தச் சுகம் கொஞ்சநஞ்சமல்ல.

அணித் தலைவன் குகன். விக்கெட் கீப்பரும் அவன்தான். நானும் அவனும் மிச்சத்தில் ஒரே வீட்டில் வேறு வேறு அறைகளில் இருந்தோம். நான் பெற்றோல் நிலையத்தில் காசாளர். அவன் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் ஷிப்ட் வேலை. சமையலும் துவையலும் எங்களுக்குள் பங்கு. அவ்வளவு நெருங்கிப் பழகியும் அவனை நான் சந்தேகப்பட்டேன் என்பதிலிருந்து தேவண்ணையின் பாடசாலை எவ்வளவு தரமானது என்று விளங்கும்.

குகனுடைய தங்கச்சி சுமதி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. கொழும்பில் இருப்பதற்குப் பொலிஸ் பதிவு வேண்டும். அது இருந்தாலும் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஒரு பகலும் இரவும் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தாலே குகனின் முகம் மாறிவிடும். அந்த நேரத்தில்தான் லண்டனில் இருந்த எங்கள் பக்கத்து ஊர் ஜெயத்துக்கு அவளுடைய சாதகக் குறிப்பு போனது. பொருத்தம் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. ஜெயத்திடம் நிரந்தர விசா இருந்தது. கலியாணம் முடிந்தால் அவளைக் கூப்பிட்டுவிடலாம். குகன் ஒருவருக்கும் சொல்லவில்லை. முற்றாகும்வரை வெளியில் விடாமல் இருப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் தேவண்ணையின் மனைவி கோயிலுக்குப் போகிறவர்.

ஜெயம் பக்கத்து ஊர் அணியின் நல்ல துடுப்பாட்டக்காரன். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆண்டுதோறும் கோடையில் இரண்டு ஆட்டங்கள், இரண்டும் பாங்க் ஹொலிடே திங்கட்கிழமைகளில். எல்லா அணிகளிடமும் தோற்கலாம், இவர்களிடம் தோற்றால் அடுத்த கோடைவரை தலை நிமிர்த்த முடியாது. அந்த வருட முதல் ஆட்டத்தில் அதிசயமாக நாங்கள் வெல்லும் நிலையில் இருந்தோம். ஜெயம் ஒருவன்தான் நின்றான். அவன் தூக்கி அடித்த பந்து நேராக மேலே எழும்பியது. குகன் கீழே போய் நின்றான். காற்றில்லை. வெயில் முதுகுப்பக்கம். கையில் கிளவுஸ். ஒரு குழந்தைப்பிள்ளை மடியை விரித்துப் பிடிக்கக்கூடிய பந்து. அது அவன் கையில் விழுந்து, புல்லிலும் விழுந்தது.

ஜெயம் மிச்ச ஓட்டங்களையும் அடித்து முடித்தான்.

தேவண்ணை பிளாஸ்க் மூடியை ஆறுதலாகத் திருகி மூடிவிட்டுச் சொன்னார்: “வாற மாப்பிளையை ஆர் அவுட்டாக்குவான்?”

அப்போதுதான் எங்களுக்குச் சம்பந்தப் பேச்சே தெரியவந்தது. தெரிந்ததும் எல்லாம் பளிச்சென்று விளங்கியது. ஒரு ஊரின் மானத்தைக் கொண்டுபோய்ச் சீதனமாகக் கொடுத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார். குகனைத் தலைவர் பதவியிலிருந்து எடுக்கவேண்டும், அவனைப் போட்ட செயலாளரையும் எடுக்கவேண்டும் என்று தீர்மானித்தோம். இருட்டுமுன் கதை மோர்டன் முழுக்கப் போய்விட்டது. அடுத்த நாள் ஹவுன்ஸ்லோவில் இருந்த ஜெயத்தின் தாயின் காதுக்கும் போனது.

அவர் கோபித்தது நாங்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல. “என்ர பிள்ளைக்கு விளையாடத் தெரியாதெண்டோ சொல்லுறாங்கள்? பிச்சை போட்ட மாதிரிக் கட்ச் விட்டவங்களாம். அந்த இடத்துச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்” என்றுவிட்டார். பேச்சு நின்றது. குறிப்பைத் திருப்பி அனுப்பப்போகிறார் என்று கேள்வி.

குகன் வீட்டில் யாரோடும் சண்டை போடவில்லை. கறி வைக்கும் முறை வந்தால் வைத்தான். சுமதி தொலைபேசி எடுத்து, “அண்ணா, அவை என்ன சொல்லினம்?” என்று கேட்பது எனக்கே வெளியில் கேட்கும். “பாப்பம் பிள்ளை, ஓமெண்டுதான் சொல்லுவினம்” என்பான். ரிசீவரை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பான். நான் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு குரல், ‘சரி, ஆனால் ஏன் விட்டவன்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஓகஸ்ட் கடைசியில் இரண்டாவது ஆட்டம். குகனை விலக்குவதற்காகக் கூடிய கூட்டத்தில், அவனுடைய இடத்துக்குச் செயலாளரின் இன்னொரு மச்சானின் பெயர் வந்தபடியால், பயந்துபோய்க் குகனையே விட்டுவைத்திருந்தோம். ஜெயத்தின் தாயும் அன்றைக்கு வந்திருந்தார். அந்தப் பக்கம் பாய் விரித்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நேராக இருந்தார். ஜெயம் துடுப்பாட வந்து கொஞ்ச நேரத்தில் பந்து மட்டையை உரசியதுபோலவும் இருந்தது, உரசாததுபோலவும் இருந்தது. குகன் ஒரு பக்கமாக விழுந்து அதைப் பிடித்தான். அப்பீல் கேட்டார்கள். அம்பயர் ஜெயத்தின் சொந்தச் சித்தப்பா. தலையை ஆட்டி, இல்லை என்றார்.

ஜெயம் நிற்கவில்லை. கிளவுஸைக் கழற்றிக்கொண்டு நடந்தான். போகிற வழியில் குகனின் தோளில் தட்டினான். நேராகத் தாயிடம் போய், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, “அம்மா, பட்டது. அவர் பிடிச்சவர்” என்றான். தாய் கண்ணாடியைக் கழற்றி மகனையும் குகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிச்சை போடுகிறவன் இப்படி விழுந்து பிடிக்கமாட்டான் என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஆள் வந்து நாள் வைக்கக் கேட்டார்கள்.

“உது முதலே பேசிச் செய்தது” என்றார் தேவண்ணை. கலியாணம் கொழும்பில் நடந்தது. அதற்குக் குகன் இங்கே வைத்த விருந்தில் இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக் குடிக்கும்போதும் அதையே சொன்னார்.

அடுத்த கோடையில் சுமதி கணவனோடு மைதானத்துக்கு வந்தாள். ஜெயம் விளையாடப் போய்விட, அவள் ஊர்க்காரரோடு இருக்கலாமென்று எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். குளிருக்குப் பழகாததால் வெயிலிலும் கோட் போட்டிருந்தாள். தேவண்ணைக்கு அவள் யாரென்று தெரியாது. குகன் வழக்கம்போல ஒன்றை விட்டதும், பழைய வழக்கை ஆதியிலிருந்து எடுத்தார். நாங்கள் கண்ணைக் காட்டினோம், அவர் கவனிக்கவில்லை. சுமதி முழுவதையும் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டு, “ஐயா, எங்கட அண்ணா ஊரிலயும் ஒரு கட்சும் பிடிக்கிறேல்லை. விட்டதுக்குச் சந்தேகப்படாதேங்கோ. ரெண்டாவதை எப்பிடிப் பிடிச்சவர் எண்டு சந்தேகப்படுங்கோ” என்றாள்.

தேவண்ணையே சிரித்துவிட்டார். இவ்வளவு காலம் அத்தனை சதிகளைக் கண்டுபிடித்த எங்களுக்கு, எங்கள் பெடியன்களுக்கு விளையாடத் தெரியாது என்ற ஒரு காரணம் மட்டும் தோன்றவேயில்லை. நாங்கள் அவர்களை அவ்வளவு நம்பியிருந்தோம்.

பிறகு எல்லாம் மெல்ல மெல்லக் கரைந்தது. பெடியன்கள் கடை எடுத்தார்கள், ஞாயிறு முழுநாள் வேலை. சிலருக்குப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, நடன வகுப்பு. செயலாளர் இரண்டு மச்சான்மாரையும் பின்தொடர்ந்து கனடாவுக்குப் போனார். அணி கலைந்தது என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. ஒரு கோடையில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

தேவண்ணை கடைசிக் காலத்தில் மோர்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். குகன் காரில் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். தொலைக்காட்சியில் ஆட்டம் நடந்தது. கீப்பர் லேசான ஒரு கட்சைத் தவறவிட்டான். நாங்கள் இருவரும் தேவண்ணையின் வாயைப் பார்த்தோம்.

“பாவம். ஏலாமல் போச்சுதாக்கும்” என்றார்.

குகன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தான். “அண்ணை, அண்டைக்கு ஜெயத்தின்ர கட்சை நான் வேணுமெண்டுதான் விட்டனான்” என்றான்.

தேவண்ணை அவனுடைய கையைத் தடவிக்கொடுத்தார். “சும்மா சொல்லாதை தம்பி. நீ நல்ல பிள்ளை.”

திரும்பி வரும்போது, “அவரைக் கிளப்பத்தானே அப்பிடிச் சொன்னனி?” என்று கேட்டேன். சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். குகன் என் பக்கம் திரும்பவில்லை.

“தங்கச்சி அப்ப லொட்ஜிலயெல்லோ இருந்தவள்” என்றான்.

அந்தக் குளிர்காலத்தில் தேவண்ணை போய்விட்டார். அவருடைய சந்தேகங்களில் உண்மையாக இருந்திருக்கக்கூடியது அது ஒன்றுதான். அதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னபோது அவர் நம்பவில்லை.