நேசரட்ணம் ஒப்பமிடாத ஞாயிறுகள்

அந்தக் கதையை முதலில் தொடக்கியவர் காலிதீன்தான். டிசம்பர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, நிந்தவூரிலிருந்து ஒரு முட்டி தயிருடன் கல்முனைக்கு, சிநேகிதர் நேசரட்ணத்தின் வீட்டுக்கு வந்திருந்தார். நேசரட்ணத்துக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்ய நாள் குறித்தாயிற்றா என்று கேட்டார். ஜனவரி பதினேழு என்றார் நேசரட்ணம். அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன் என்றார் காலிதீன். அதற்குத்தான் குசினிக்குள் இருந்த அவர் மனைவி, ஜெனோசாவின் அம்மா, வாயைத் திறந்தாள்.

“நீங்க கேட்டாப் போதாது காக்கா. இவரும் வாய் திறக்கோணும். எங்கட வேதக்கோயில்ல புதுவருசத்தில எல்லாரும் தங்களக் கடவுளுக்கு ஒப்புக்குடுக்கிற ஆராதனை இரிக்கி. இருவத்தெட்டு வருசமா இவர் மட்டும் மரம் மாதிரி நிக்கிறார். ஒப்புக்குடுக்காமலே போனா எங்க போவாரோ?”

பக்கத்து அறையில் இருந்த மகள் ஜெனோசா புத்தகத்தை மூடினாள்.

காலிதீன் முதலில் சிரித்தார். அவர் பஸ் சாரதியாக இருந்தவர். நேசரட்ணம் கல்முனை பஸ் நிலையத்தில், சாரதிகள் நீட்டும் தாளில் புறப்படும் நேரத்தை எழுதி ஒப்பமிடும் டைம்கீப்பராக இருந்தவர். “என்ன நேசம், நான் மூணு நிமிசம் பிந்தினா ஊரக் கூட்டுற ஆளு நீ. அல்லாக்கு முன்னால மட்டும் வாய மூடிட்டா நிக்காய்?”

நேசரட்ணம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, வீட்டில் யாருக்கும் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார்.

“தொண்ணூத்தாறாம் வருசம் அந்த ஆராதனையில எல்லாரையும் விட நான்தான் உரத்துச் சொன்னன், காக்கா. என்னட்ட இருக்கிறத விட்டுவச்சாலும் எடுத்தாலும் உம்முட விருப்பம் எண்டு. ரெண்டு மாதத்தில மகன எடுத்துட்டார். நான் ஒப்பம் வச்சுக் குடுத்த மாதிரிப் போச்சு. பிறகு இவள் பிறந்தாள். இவளுக்கும் ஒப்பம் வைக்க என்னால ஏலாது.”

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. பத்து மாதக் குழந்தையாய் மூளைக்காய்ச்சலில் போன அந்த மகன் டிலுக்சனின் பெயரை அந்த வீட்டில் அம்மாதான் சொல்வாள். அப்பா சொல்வதில்லை. அன்றும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

காலிதீனின் சிரிப்பு போய்விட்டது. “நேசம், நீ காய்ச்சலில கிடந்த நாளெல்லாம் என்ட பஸ் ஓடல்லயா?”

“ஓடினதானே.”

“நீ வாய மூடின இந்த இருவத்தெட்டு வருசத்தில உன்ட நெஞ்சு வருத்தம் உனக்கிட்டக் கேட்டா வந்த? இந்தப் புள்ள படிச்சு டீச்சரானது உன்ட ஒப்பத்திலயா?”

“அப்ப ஒப்பம் என்னத்துக்கு?” என்று கேட்டார் நேசரட்ணம். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

காலிதீன் யோசித்தார். “அது பஸ்ஸுக்கு இல்ல. யன்னலால கைய நீட்டி நான் அந்தத் தாள உன்னட்டத் தருவன். நீ என்ட மூஞ்சயப் பாத்து, ஒப்பம் வச்சுத் தருவாய். ஒப்பம் இல்லாட்டியும் பஸ் போகும். ஆனா உன்னப் பாத்துட்டுப் போறது எனக்கு வேணும். எங்கட ஆக்கள் கத்ர் எண்டு, அல்லாட விதி எண்டு, இதப் பத்தி நிறையச் செல்லுவாங்க. உங்கட மார்க்கத்தில என்னெண்டு உங்கட போதகர்ட்டக் கேளு. நான் டிரைவர்.”

அதன்பிறகு இருவரும் தயிரைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

ஒப்பம் என்பது நேசரட்ணத்துக்கு லேசான காரியம் அல்ல. பஸ் புறப்படும் நேரத்தை லொக்சீற்றில் எழுதிக் கீழே பெயரை வைத்தால், அது நடந்தது நடந்தபடியே இருக்க வேண்டும். ஒருமுறை மருதமுனைச் சந்தியில் காலிதீனின் பஸ் ஒரு சைக்கிளைத் தட்டிவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனாலும் வேகமாய் வந்ததாகப் பேச்சு வந்தது. புறப்பட்ட நேரத்தைப் பத்து நிமிடம் முன்தள்ளி எழுதித் தரும்படி காலிதீன் கெஞ்சினார். நேசரட்ணம் மாட்டேன் என்றார். ஆறு மாதம் காலிதீன் தாளை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏழாம் மாதம் நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பத்துடன் வீட்டுக்கு வந்து நின்றார். அன்று முதல் இன்றுவரை எந்தப் பெருநாளுக்கும் அது தவறியதில்லை.

அப்படிப்பட்டவர் மனம் ஒப்பாத ஒன்றைக் கோயிலில் வாயால் மட்டும் சொல்வாரா? அதற்காக வராமலும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் முதல் ஞாயிறு வெள்ளைச் சேர்ட் போட்டு, மூன்றாம் வரிசை வாங்கில் வந்து உட்காருவார். எல்லாரும் எழும்பும்போது எழும்புவார். உதடு மட்டும் அசையாது.

சிறு வயதில் ஜெனோசா, அப்பாவுக்கு வாசகம் மறந்துபோயிற்று என்று நினைத்துப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளிவிடுவாள். பன்னிரண்டு வயதில், அது மறதி இல்லை என்று விளங்கியது. அதன்பிறகு வேறொரு வழி பிடித்தாள். மற்ற நாளில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல் அவளுடையது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் தொண்டையைத் திறந்து உரத்துச் சொல்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியாது, ஒருவேளை கடவுளும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று ஒரு எண்ணம். இருபத்தாறு வயதிலும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.

அப்பாவுக்குப் பிடிவாதம் என்றுதான் இவ்வளவு காலமும் அவள் நினைத்திருந்தாள். தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கு அவள் பெயர் கொடுத்தபோது, “பிறகு பாப்பம்” என்று அவர் இரண்டு வருஷம் இழுத்தடித்ததை இப்போது நினைத்துப் பார்த்தாள். அவர் வாயை மூடியது கடவுளோடு சண்டை பிடிக்க மட்டும் இல்லை. தன் மகளை வாசலில் நின்று காவல் காத்திருக்கிறார்.

புதுவருஷம் பிறந்து மூன்றாம் நாள் நேசரட்ணம் போதகர் டனிஸ்டனைப் போய்ப் பார்த்தார். துணைக்கு ஜெனோசாவும் போனாள். போதகருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பிள்ளை ஏன் போனது என்று தனக்குத் தெரியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு தகப்பன் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை எடுக்கிற கடவுளைத் தான் பிரசங்கிப்பதில்லை என்றும் சொன்னார். இரட்சிப்பு நாம் சம்மதித்த பிறகு தொடங்குவதில்லை; நாம் கேட்கும் முன்பே கிருபை வந்து நிற்கிறது; சம்மதிக்க மனம் வருவதுகூடக் கடவுள் தருவதுதான்; ஆனாலும் அவர் ஒருவரையும் பிடரியில் பிடித்து இழுப்பதில்லை. இவை இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று ஜெனோசா கேட்டாள். முழுதாகத் தனக்கும் விளங்கவில்லை என்று போதகர் ஒத்துக்கொண்டார். பிறகு நேசரட்ணத்தைப் பார்த்து, “ஐயா, வாய மூடிக்கொண்டு நிக்கவெண்டாலும் இருவத்தெட்டு வருசமும் தவறாம வந்தீங்களே. ஆர் கூட்டிவந்தது?” என்றார்.

திரும்பும் வழியில் நேசரட்ணம் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னார். அக்கரைப்பற்று பஸ் ஒன்று புறப்பட நின்றது. சாரதி தாளை நீட்ட, புது டைம்கீப்பர் தலையைத் தூக்காமலே கையெழுத்திட்டுக் கொடுத்தான். “மூஞ்சயப் பாக்கிறானில்ல,” என்று நேசரட்ணம் முணுமுணுத்தார். அன்று மத்தியானம் இரண்டாம் முறையும் சோறு கேட்டார். அம்மா ஜெனோசாவைப் பார்த்தாள்.

ஞாயிறு வந்தது. எல்லாரும் எழும்பினார்கள். வாசகம் தொடங்கியது. ஜெனோசா மெல்லிய குரலில், தனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். பக்கத்தில் சத்தம் இல்லை. சபை சொல்லி முடித்தது. போதகர் அடுத்த வரிக்குப் போகாமல் நின்றார். யாரோ இருமினார்கள். அப்போதுதான் நேசரட்ணத்தின் குரல் வந்தது. தனியாக, பஸ் நிலையத்தில் நேரம் சொல்லும் அதே குரலில், ஒரு சொல்லும் விடாமல் முதலிலிருந்து சொன்னார். “எடுத்தாலும்” என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். “டிலுக்சன்” என்றார். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பதினேழாம் திகதி ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும்போது அவர் கண்டிப்பாகச் சொன்னார்: இது சரிவந்தால், தான் வாய் திறந்ததால் என்று யாரும் கோயிலில் எழும்பிச் சாட்சி சொல்லக் கூடாது, சரிவராவிட்டாலும் அதேதான். சரியாகத்தான் வந்தது. இப்போது பின்னேரங்களில் சந்திவரை நடக்கிறார். மூன்று நிமிடம் பிந்தி வந்தால் காலிதீனுக்கு ஏச்சும் விழுகிறது.

அப்பா வாய் திறந்த அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் பின்னேரம், வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெனோசாவிடம் அவர் வந்து நின்றார். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் செய்துவந்த வேலை அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

“நாளைக்கு எனக்குஞ் சேத்துச் சொல்லாத, மகள்,” என்றார். “உன்ட பங்க மட்டும் சொல்லு. நான் பிந்தினாலும் பக்கத்தில நில்லு.”